கோப்பு இருக்கிறது, செயலியில் இல்லை

"டீபக்ல வருது, ரிலீஸ்ல வரல." டீபக் என்பது எழுதுகிறவர் சோதிக்கும் பதிப்பு, ரிலீஸ் என்பது பயனருக்குப் போகும் பதிப்பு. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் ஒரே கோடில் குறுக்குத்தளச் செயலி எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் இந்தப் புகார் கேட்காத நாள் இருக்காது. ஒருநாள் படம், ஒருநாள் எழுத்துரு, இன்னொருநாள் அறிவிப்பு ஐகான் என்று காணாமல் போகும் பொருள் மட்டும் மாறும். அதற்கு வரும் பதில் மாறாது: "கிளீன் பண்ணிட்டு மறுபடி பில்ட் பண்ணிப் பாருங்க." இந்தப் பதிலோடு எனக்கு நெடுநாளாக ஒத்துப்போகவில்லை. சில நேரம் அது வேலை செய்துவிடுவதுதான் சிக்கலே. பில்ட் என்பது கோடைப் பொதியாகக் கட்டும் வேலை, கிளீன் அதன் பழைய மிச்சங்களை அழிப்பது. பில்ட் ஃபோல்டரில் பழைய இடைநிலைக் கோப்பு ஒன்று தேங்கிக் கிடந்தால் கிளீன் அதைத் துடைத்துவிடும். எது தேங்கியது, ஏன் தேங்கியது என்ற தடயமும் அதோடு சேர்ந்து போய்விடும். மற்ற நேரங்களில் பில்ட் முடியும்வரை காத்திருந்ததுதான் மிச்சம். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அது ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். பயனரின் போனில் இறங்கும் பொதிக்குள் அது போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், டாட்நெட் மாவி ஆகிய குறுக்குத்தளக் கருவிகள் எல்லாமே ஒரே மொழி, ஒரே கோட்பேஸ் என்று சொல்லித்தான் நம்மை அழைக்கின்றன. கோடைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ரிசோர்ஸ், அதாவது படம், எழுத்துரு, ஒலி போன்ற துணைக் கோப்புகள் விஷயத்தில் இரண்டு தளங்களும் தங்கள் பழைய சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சட்டமெல்லாம் நாம் திறந்தே பார்க்காத 'ஆண்ட்ராய்டு', 'ஐஓஎஸ்' ஃபோல்டர்களிலும், பில்ட் ஓடும்போது உருவாகி மறையும் இடைநிலை ஃபோல்டர்களிலும் நடக்கிறது.

யார் சேர்த்துக்கொள்கிறார்கள்

ஆண்ட்ராய்டில் 'ரெஸ்' ஃபோல்டருக்குள் சரியான இடத்தில் கோப்பை வைத்தால் போதும், பில்ட் எடுத்துக்கொள்ளும். பெயரில் மட்டும் கறார்: சிற்றெழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு கூடாது. பெயர் அப்படியே 'ஆர்' என்ற கிளாஸின் உறுப்பாக மாறுவதால் ஜாவா ஏற்கும் பெயராக அது இருந்தாக வேண்டும். பெயரில் பேரெழுத்தோ இணைப்புக்கோடோ இருந்தால் பில்ட் உடனே நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் சத்தம் போட்டு விழுகிற பிழை நல்ல பிழை.

ஐஓஎஸ் இதற்கு நேர் எதிர். ஃப்ளட்டரின் ஐஓஎஸ் பகுதியான 'ரன்னர்' ஃபோல்டருக்குள் கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் ஆப்பிளின் பில்ட் கருவியான எக்ஸ்கோட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கூகுளின் ஃபயர்பேஸ் சேவைக்கு வேண்டிய 'கூகுள்சர்வீஸ்-இன்ஃபோ.பிலிஸ்ட்' என்ற அமைப்புக் கோப்பை விஎஸ்கோட் எடிட்டரில் இழுத்துப் போட்டுவிட்டு, செயலி திறந்தவுடன் விழுகிறதே என்று தேடுகிறவர்கள் பலர். ப்ராஜெக்ட் கோப்பான 'ப்ராஜெக்ட்.பிபிஎக்ஸ்ப்ராஜ்' அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். சோதிப்பதற்கு எக்ஸ்கோடைத் திறக்கக்கூட வேண்டாம். அந்தக் கோப்புக்குள் ரிசோர்ஸின் பெயரை 'கிரெப்' என்ற தேடல் கட்டளையால் தேடுங்கள். ஒரு டார்கெட்டில் (எக்ஸ்கோட் கட்டித்தரும் பொருள், இங்கே செயலி) ஒழுங்காகச் சேர்ந்த கோப்பின் பெயர் நான்கு வரிகளில் வரும்: கோப்புச் சுட்டு, க்ரூப், பில்ட்-ஃபைல், ரிசோர்ஸ் பில்ட் ஃபேஸ். முதல் இரண்டு மட்டும் இருந்தால், எக்ஸ்கோடின் இடப்பக்கப் பட்டியலில் அது அழகாகத் தெரியும், பொதிக்குள் போகாது. டார்கெட் மெம்பர்ஷிப்பில் டிக் விழவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே வரவில்லை என்றால் கோப்பு வட்டில் மட்டுமே இருக்கிறது. எக்ஸ்கோட் 16-இல் ஃபோல்டரோடு தானாக ஒத்துப்போகும் வகை ஒன்று வந்திருக்கிறது. பழைய க்ரூப் முறையில் உருவான ப்ராஜெக்ட் தானாக அதற்கு மாறிவிடாது.

ஃப்ளட்டரில் இன்னொரு அடுக்கு. ப்ராஜெக்டின் அமைப்புக் கோப்பான 'பப்ஸ்பெக்'கில் 'இமேஜஸ்/' என்று எழுதினால் அந்த ஃபோல்டரில் நேரடியாக இருக்கும் கோப்புகள் மட்டுமே வரும். உள்ளே 'ஐகான்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதைத் தனி வரியாக எழுத வேண்டும்; '2.0எக்ஸ்', '3.0எக்ஸ்' போன்ற அடர்த்தி ஃபோல்டர்கள் மட்டும் விலக்கு. இப்படிச் சேரும் அசெட்டுகள் (ஃப்ளட்டர் தானே படிக்கும் ரிசோர்ஸ்கள்) ஆண்ட்ராய்டில் 'அசெட்ஸ்/ஃப்ளட்டர்_அசெட்ஸ்' என்ற இடத்திலும், ஐஓஎஸ்ஸில் 'ஃப்ரேம்வொர்க்ஸ்/ஆப்.ஃப்ரேம்வொர்க்' உள்ளேயும் உட்காரும். இந்த விவரம் தெரிந்தால் ஒரு பெரிய குழப்பம் தீரும். அறிவிப்பு ஐகான், தொடக்கத் திரை, செயலி ஐகான் ஆகியவற்றை ஆப்பரேட்டிங் சிஸ்டமே வரைகிறது. அதற்கு ஃப்ளட்டரின் அசெட்டுகளைத் தெரியாது. அவை தளத்தின் சொந்த ரிசோர்ஸாகத்தான் இருக்க வேண்டும். 'இமேஜ்.அசெட்' எடுத்துக் காட்டும் அதே படத்தை அறிவிப்பு ஐகானாகக் கொடுத்தால் கிடைக்காது.

டாட்நெட் மாவியில் எஸ்விஜி கோப்பை 'மாவிஇமேஜ்' ஆகச் சேர்த்தால் பில்ட் அதைப் பிஎன்ஜியாக மாற்றிவிடும். அதனால் கோடில் '.பிஎன்ஜி' என்றுதான் அழைக்க வேண்டும். கோடோடு சேர்த்தே பொதியும் எம்பெடட் ரிசோர்ஸுக்குப் பெயர் வேறு மாதிரி: டீஃபால்ட் நேம்ஸ்பேஸ், ஃபோல்டர், கோப்பு எல்லாம் புள்ளியால் இணைந்து வரும். யூகித்துக்கொண்டிருக்காமல் 'கெட்மேனிஃபெஸ்ட்ரிசோர்ஸ்நேம்ஸ்' என்ற மெத்தடை ஓடவிட்டு அச்சடித்துப் பாருங்கள்.

ரியாக்ட் நேட்டிவில்தான் டீபக்குக்கும் ரிலீஸுக்கும் உள்ள இடைவெளி மிக அகலம். டீபக்கில் படம் பொதிக்குள்ளேயே இருப்பதில்லை. கணினியில் ஓடும் மெட்ரோ சர்வர் 8081 போர்ட் வழியாக அனுப்புகிறது. அதாவது டீபக்கில் எத்தனை முறை ஓட்டினாலும் பொதியாக்கம் ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. ஆண்ட்ராய்டு ரிலீஸில் அதே படம் 'ட்ராயபிள்-எம்டிபிஐ' ஃபோல்டருக்குப் போகும் (எம்டிபிஐ, எக்ஸ்எச்டிபிஐ போன்றவை திரை அடர்த்தியின் படிகள்); '@2எக்ஸ்' வடிவம் எக்ஸ்எச்டிபிஐக்கும், '@3எக்ஸ்' வடிவம் எக்ஸ்எக்ஸ்எச்டிபிஐக்கும் போகும். போகும்போது பாதையெல்லாம் தட்டையாகி, 'எஸ்ஆர்சி/அசெட்ஸ்/லோகோ' என்பது 'எஸ்ஆர்சி_அசெட்ஸ்_லோகோ' ஆகிவிடும். இது தெரியாமல் யாரோ கோடையும் படங்களையும் தொகுக்கும் பண்டில் கட்டளையைக் கையால் ஓட்டி, வெளியீட்டை 'மெயின்/ரெஸ்' உள்ளேயே கொட்டி, அதைக் கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டிலும் ஏற்றிவிடுவார்கள். அடுத்த ரிலீஸ் பில்டில் 'டூப்ளிகேட் ரிசோர்சஸ்' என்று வரும். ஃபோல்டரையே அழிக்க வேண்டாம். இப்படித் தட்டைப் பெயரோடு இருக்கும் கோப்புகளை மட்டும் எடுத்தால் போதும், ஆண்ட்ராய்டின் பில்ட் கருவியான கிரேடில் தன் பங்கை மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

பொதியைப் பிரித்துப் பார்ப்பது

இத்தனை விதிகளையும் மனப்பாடம் செய்து ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிடச் சுருக்கமான வழி, கடைசியிலிருந்து தொடங்குவது. கோடைத் தொடும் முன், கிளீன் செய்யும் முன், உருவான பொதியைத் திறந்து ரிசோர்ஸ் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கோளாறு பில்டில். இருக்கிறது என்றால் ஓடும் நேரத்தில், அதாவது பெயர், அளவு, தேடும் இடம் இவற்றில் ஒன்று. ஒரே பார்வையில் பாதி சந்தேகங்கள் ஒழிந்துவிடும். அதன் பிறகு செய்யும் எந்தச் சோதனையும் வீணாகாது.

ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் பொதியான ஏபிகே ஒரு ஜிப் கோப்பு என்பதால் பலரும் 'அன்ஜிப்' போட்டுப் பட்டியலைப் பார்க்கிறார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 4.2 முதல் ரிலீஸ் பில்டில் ரிசோர்ஸ் பாதைகள் இயல்பாகவே சுருக்கப்படுகின்றன. 'ரெஸ்' ஃபோல்டருக்குள் இரண்டு மூன்று எழுத்துக் குறும்பெயர்கள்தான் தெரியும். தேடிய பெயர் இல்லை என்பதால் கோப்பே இல்லை என்று முடிவு கட்டினால் அன்றைய பொழுது தவறான திசையில் போய்விடும். உண்மையான பெயர் 'ரிசோர்சஸ்.ஏஆர்எஸ்சி' என்ற அட்டவணைக்குள் பத்திரமாக இருக்கும். அதைப் படிக்க ஆண்ட்ராய்டு எஸ்டிகேயின் பில்ட்-டூல்ஸ் ஃபோல்டரில் இருக்கும் 'ஏஏபிடி2' போதும்: 'டம்ப் ரிசோர்சஸ்' என்று சொல்லி ஏபிகேயின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு ரிசோர்ஸின் பெயர், அடர்த்தி, பொதிக்குள் உள்ள பாதை எல்லாம் வரும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ஏபிகே அனலைசர் இதையே சாளரத்தில் காட்டும். ப்ளே ஸ்டோருக்கு ஏற்றும் ஏஏபி வடிவத்தில் இருந்தால் 'பண்டில்டூல்' என்ற கருவியின் 'டம்ப்' கட்டளை.

ஐஓஎஸ்ஸின் பொதியான ஐபிஏவும் ஜிப்தான். 'பேலோட்' ஃபோல்டருக்குள் செயலி இருக்கும். அசெட் கேட்டலாகில் (எக்ஸ்கோடின் படத் தொகுப்பில்) வைத்த படங்கள் அங்கே தனித்தனிக் கோப்பாக இருக்காது, 'அசெட்ஸ்.கார்' என்ற ஒரே கோப்பாகத் தொகுக்கப்பட்டிருக்கும். மேக்கில் உள்ள 'அசெட்யூட்டில்' கருவிக்கு 'இன்ஃபோ' என்ற தேர்வைக் கொடுத்தால் உள்ளே உள்ள பெயர்களை வரிசையாகக் காட்டும்.

கத்தரிக்கப்பட்ட ஐகான்

இந்த வழியின் அருமை புரிய அறிவிப்பு ஐகான் சிக்கலை எடுத்துக்கொள்வது நல்லது. ஏறக்குறைய எல்லா அடுக்கும் அதில் வந்துவிடுகின்றன. ஃப்ளட்டர் செயலி. ஐகான் 'ட்ராயபிள்' ஃபோல்டரில் முறையாக இருக்கிறது. அதன் பெயரை ஃப்ளட்டரின் மொழியான டார்ட் கோடில் சரமாக (எழுத்துத் தொடராக)க் கொடுத்திருக்கிறோம். டீபக்கில் அறிவிப்பு வருகிறது. ரிலீஸில் ஐகான் கிடைக்கவில்லை என்று அறிவிப்பைக் கையாளும் ப்ளகின் (கூடுதலாகச் சேர்த்த நூலகம்) பிழை சொல்கிறது, அல்லது 'நோ வேலிட் ஸ்மால் ஐகான்' என்ற வரியோடு செயலி விழுகிறது.

ஃப்ளட்டரின் ரிலீஸ் பில்டில் கோடைச் சுருக்கும் ஆர்8-உம் ரிசோர்ஸ் ஷ்ரிங்கரும் இயல்பாகவே ஓடுகின்றன. ஷ்ரிங்கரின் வேலை யாரும் பயன்படுத்தாத ரிசோர்ஸைக் கத்தரிப்பது. பயன்பாட்டை அது ஜாவா, காட்லின் பைட்கோடிலும் எக்ஸ்எம்எல் கோப்புகளிலும்தான் தேடும். டார்ட் கோடோ மெஷின் கோடாக மாறி 'லிப்ஆப்.எஸ்ஓ' என்ற கோப்புக்குள் போய்விட்டது. அங்கே இருக்கும் சரம் ஷ்ரிங்கர் கண்ணில் படாது. ப்ளகினின் ஜாவா கோட் 'கெட்ஐடென்டிஃபையர்' மூலம் பெயரைக் கொண்டு தேடுகிறது என்பதை ஷ்ரிங்கர் கவனிக்கத்தான் செய்கிறது. அப்போது கோடில் உள்ள சரங்களோடு ஒத்துப்போகும் ரிசோர்ஸ்களையெல்லாம் விட்டுவைக்கிறது. ஆனால் நம் ஐகானின் பெயர் அந்தச் சரங்களில் இல்லை, அது ஓடும்போது டார்ட்டிலிருந்து வந்து சேர்வது. ஆக ஐகான் போய்விடுகிறது, 'கெட்ஐடென்டிஃபையர்' சுழியத்தைத் திருப்பித் தருகிறது. பில்டில் ஓர் எச்சரிக்கைகூட வராது.

எது போனது என்று ஷ்ரிங்கர் எழுதிவைக்கவே செய்கிறது. 'அவுட்புட்ஸ்/மேப்பிங்/ரிலீஸ்' ஃபோல்டரில் 'ரிசோர்சஸ்.டிஎக்ஸ்டி' என்று ஓர் அறிக்கை இருக்கும். ஃப்ளட்டரில் பில்ட் ஃபோல்டர் ப்ராஜெக்டின் வேரிலேயே இருப்பதால், 'ஆண்ட்ராய்டு/ஆப்' உள்ளே தேடாமல் வேரில் உள்ள 'பில்ட்/ஆப்' கீழே பாருங்கள். கிளீன் செய்தால் இந்த அறிக்கையும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

தீர்வு இரண்டு. 'ரெஸ்/ரா' ஃபோல்டரில் 'கீப்.எக்ஸ்எம்எல்' என்று ஒரு கோப்பு வைத்து, அதன் 'ரிசோர்சஸ்' குறிச்சொல்லில் 'டூல்ஸ்:கீப்' பண்பாக ரிசோர்ஸின் பெயரைக் கொடுப்பது ஒன்று. பல பெயர்களைக் காற்புள்ளியால் பிரிக்கலாம். நட்சத்திரக் குறியும் செல்லும். மற்றொன்று, அந்த ஐகானை, செயலியின் விவரங்களை ஆண்ட்ராய்டுக்கு அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு மெட்டா-டேட்டாவாகச் சுட்டிவிடுவது. ஃபயர்பேஸ் மெசேஜிங் பயன்படுத்துகிறவர்கள் இயல்பு ஐகானை எப்படியும் அங்கே குறிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு சுட்டே ஷ்ரிங்கருக்குப் போதுமான சாட்சி. ஷ்ரிங்கரையே அணைத்துவிடுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பில்டுக்கு அணைப்பது சரி. நிரந்தரமாக அணைத்தால் ஓர் ஐகானுக்காக எல்லாப் ப்ளகின்களின் பயன்படாத ரிசோர்ஸையும் பயனர் சுமக்க வேண்டும்.

ஐகான் வந்து வெறும் வெள்ளைச் சதுரமாக நின்றால் அது வேறு நோய். ஆண்ட்ராய்டு 5.0 முதல் சிறு ஐகானின் ஒளிபுகு அளவு மட்டுமே பயன்படும், நிறம் புறக்கணிக்கப்படும். செயலியின் வண்ண ஐகானையே கொடுத்தால் ஒளிபுகாத சதுரம்தான் கிடைக்கும். ஒளிபுகும் பின்னணியில் வெள்ளை உருவம் வரைந்து கொடுங்கள்.

ஒரே பெயரில் இருவர்

கத்தரிக்கப்படாமல், மேலெழுதப்பட்டும் ரிசோர்ஸ் காணாமல் போகும். கண்டுபிடிக்க இது இன்னும் கடினம், ஏனென்றால் அந்தப் பெயரில் ஒன்று உள்ளே இருக்கும். நம்முடையதாக இருக்காது. ஆண்ட்ராய்டு பில்ட் எல்லா நூலகங்களின் ரிசோர்ஸையும் ஒரே பெயர்வெளியில் கொட்டிக் கலக்கிறது. பில்ட் வேரியன்ட்டுக்கு (டைப்பும் ஃப்ளேவரும் சேர்ந்தது) முதல் உரிமை, பிறகு பில்ட் டைப் (டீபக் அல்லது ரிலீஸ்), ஃப்ளேவர் (செயலியின் வேறு வேறு வடிவம்), மெயின் (செயலியின் பொதுக் கோப்புகள்), கடைசியில் நூலகங்கள். இரண்டு நூலகங்களில் ஒரே பெயர் இருந்தால் சார்புப் பட்டியலில் முன்னே வருவது ஜெயிக்கும். மற்றது சத்தமில்லாமல் விழுங்கப்படும்.

இதில் அடிக்கடி அடிபடுவது, செயலியின் கோப்புகளைப் பிற செயலிகளோடு பகிர உதவும் 'ஃபைல்ப்ரொவைடர்' என்பதன் பாதைக் கோப்பு. கேமரா ப்ளகின் ஒன்று, பகிர்வுப் ப்ளகின் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 'ரெஸ்/எக்ஸ்எம்எல்' ஃபோல்டரில் 'ஃபைல்_பாத்ஸ்' என்ற பெயரிலேயே கோப்பு வைத்திருக்கின்றன. மேனிஃபெஸ்டில் மோதல் வரக்கூடாது என்று இருவரும் ஃபைல்ப்ரொவைடரைத் தனித்தனி சப்கிளாஸாகப் பிரித்திருப்பார்கள். எக்ஸ்எம்எல் பெயரைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். விளைவு, பகிர்வுப் ப்ளகினைச் சேர்த்த அன்று கேமரா வேலை செய்யாது. 'ஃபெயில்ட் டு ஃபைண்ட் கான்ஃபிகர்ட் ரூட்' என்று தொடங்கும் பிழை வரும். கேமரா கோடில் ஒரு எழுத்தும் மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். இங்கும் பொதியைத்தான் கேட்க வேண்டும்: ஏஏபிடி2-வின் 'டம்ப் எக்ஸ்எம்எல்ட்ரீ' கட்டளையில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், உண்மையில் எந்தப் பாதைகள் உள்ளே போயிருக்கின்றன என்று தெரியும். ரிலீஸில் பாதை சுருங்கியிருக்கும் என்பதால் முதலில் ரிசோர்ஸ் அட்டவணையில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். செயலியின் சொந்த 'ரெஸ்' ஃபோல்டரில் அதே பெயரில் கோப்பு வைத்து இருவருக்கும் வேண்டிய பாதைகளை அதில் எழுதினால் முடிந்தது. மெயின் எப்போதும் நூலகத்தை வெல்லும். ப்ளகின் எழுதுகிறவர்கள் பெயருக்கு முன்னொட்டு வைத்தால் இந்தத் தொல்லையே இராது. கிரேடிலின் 'ரிசோர்ஸ்ப்ரீஃபிக்ஸ்' அமைப்பு லிண்ட் (கோட் சோதனைக் கருவி) எச்சரிக்கை மட்டுமே தரும், பெயரை அது மாற்றாது.

மேனிஃபெஸ்டும் இப்படித்தான் கலக்கப்படுகிறது. நாம் எழுதாத அனுமதி ஒன்று செயலியில் முளைத்திருந்தால், 'அவுட்புட்ஸ்/லாக்ஸ்' ஃபோல்டரில் உள்ள மேனிஃபெஸ்ட் மெர்ஜர் அறிக்கையில் அது எந்த நூலகத்திலிருந்து வந்தது என்று வரியோடு இருக்கும். வேண்டாம் என்றால் நம் மேனிஃபெஸ்டில் அதே அனுமதியை எழுதி 'டூல்ஸ்:நோட்' பண்புக்கு 'ரிமூவ்' கொடுக்கலாம்.

ஐஓஎஸ்ஸில் இதன் உடன்பிறப்பு, நூலகங்களைச் சேர்க்கும் கருவியான கோகோபாட்ஸ். நூலகத்தின் விவரக் கோப்பான பாட்ஸ்பெக்கில் 'ரிசோர்சஸ்' என்று அறிவித்த கோப்புகள், ஸ்டாட்டிக் நூலகமாக (செயலியின் கோடோடே கலந்துவிடும் வகை) இணைக்கும்போது, நேராகச் செயலியின் முதன்மை பண்டிலில் (கோப்புத் தொகுப்பில்) வந்து விழும். ஒரே பெயர் என்றால் மோதல்தான். 'மல்டிபிள் கமாண்ட்ஸ் ப்ரொட்யூஸ்' என்ற எக்ஸ்கோட் பிழை பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது. 'ரிசோர்ஸ்_பண்டில்ஸ்' என்று அறிவித்தால் தனிப் பண்டில் கிடைக்கும். 2024 மே 1 முதல் ஆப் ஸ்டோர் கட்டாயமாக்கிய 'பிரைவசிஇன்ஃபோ' என்ற தனியுரிமை விவரக் கோப்புக்கு இது மிக முக்கியம். எல்லா நூலகத்திலும் அதற்கு ஒரே பெயர்.

இருக்கிறது, ஆனால் சரியாக இல்லை

பொதிக்குள் ரிசோர்ஸ் இருந்தும் திரையில் வராததற்கு ஐஓஎஸ்ஸில் முதல் சந்தேகம் பெயரில் உள்ள சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடு. மேக்கின் வட்டு இயல்பாகச் சிற்றெழுத்து, பேரெழுத்து பேதம் பார்க்காது. ஐபோனைப் போல நடிக்கும் சிமுலேட்டர் ஓடுவது அந்த வட்டில். உண்மையான ஐபோன் பேதம் பார்க்கும். ஓரெழுத்து மாறியிருந்தாலும் சிமுலேட்டரில் வரும் படம் போனில் வராது. அடுத்த சந்தேகம் பண்டில். 'பண்டில்(ஃபார்:)' என்று கிளாஸைக் கொண்டு தேடும் நூலகம் டைனமிக் ஃப்ரேம்வொர்க்காக (தனிக் கோப்பாக நிற்கும் வகை) இருக்கும்வரை சரியாக இருக்கும். ஸ்டாட்டிக்காக மாற்றிய மறுகணம் அது செயலியின் முதன்மை பண்டிலைத் திருப்பித் தரும், தேடும் இடமே மாறிப்போகும்.

ஆண்ட்ராய்டில் அடர்த்தி. ஒட்டு ஏதும் இல்லாத 'ட்ராயபிள்' ஃபோல்டரில் வைத்த படம் எம்டிபிஐ என்று கருதப்படும். பழைய ஆண்ட்ராய்டிலும், 'பிட்மேப்ஃபேக்டரி.டீகோட்ரிசோர்ஸ்' வழியாக ஏற்றும்போதும், திரையின் அடர்த்திக்கு ஏற்ப அது ஊதிப் பெரிதாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080 x 1920 அளவுள்ள முழுத்திரைப் படம், எக்ஸ்எக்ஸ்எச்டிபிஐ போனில் பக்கத்துக்கு 3 மடங்காகி 3240 x 5760. பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 7.46 கோடி பைட். எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எச்டிபிஐ போனில் 4 மடங்காகி 4320 x 7680, சுமார் 13.27 கோடி பைட். கேன்வாஸ் வரைய ஒப்பும் பிட்மேப்பின் உச்சம் பல ஆண்ட்ராய்டு பதிப்புகளில் 10,48,57,600 பைட். அதனால்தான் ஒரு போனில் மெதுவாகவேனும் ஓடும் செயலி, இன்னும் கூர்மையான திரையுள்ள போனில் 'டூ லார்ஜ் பிட்மேப்' என்று விழுகிறது. படத்தை 'ட்ராயபிள்-நோடிபிஐ' ஃபோல்டருக்கு நகர்த்தினால் ஊதுவது நிற்கும்.

தொடக்கத் திரை தனி ரகம். ஐஓஎஸ் அதன் படத்தைக் கருவியிலேயே கேஷ் செய்துவைக்கிறது. புதுப் படம் பொதிக்குள் சரியாக இருந்தும் பழையதே தெரிந்தால், செயலியை நீக்கி, போனை அணைத்துத் திறந்து, மறுபடி நிறுவிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஏஏபி வழியாக வெளியிடும் செயலிகளில் மொழி வாரியாகவும் அடர்த்தி வாரியாகவும் பொதி பிரிக்கப்படுகிறது. போனின் மொழி ஆங்கிலம், செயலிக்குள்ளே பயனர் தமிழைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், தளத்தின் தமிழ்ச் சரங்கள் அந்தப் போனில் இறங்கியே இருக்காது. கிரேடிலின் 'பண்டில்' பகுதியில் மொழிப் பிரிப்பை அணைத்தால் சரியாகும். இதைச் சோதிக்க பண்டில்டூலின் 'யுனிவர்சல்' முறையைப் பயன்படுத்தாதீர்கள்; அதில் எல்லாம் ஒரே ஏபிகேயில் இருப்பதால் கோளாறு ஒளிந்துகொள்ளும். 'பில்ட்-ஏபிகேஸ்' முடித்து 'இன்ஸ்டால்-ஏபிகேஸ்' கொடுத்தால் அந்தப் போனுக்கு உரிய துண்டுகள் மட்டும் போகும்.

இந்தச் சோதனைகளில் முக்கால்வாசியை பில்ட் சர்வரிடமே விட்டுவிடலாம். பெயர்ச் சரத்தால் மட்டும் அழைக்கப்படும் ரிசோர்ஸ்களை ஓர் உரைக்கோப்பில் வரிசையாக எழுதிவையுங்கள்: அறிவிப்பு ஐகான்கள், அறிவிப்பு ஒலிகள், ஃபைல்ப்ரொவைடர் பாதைகள். ரிலீஸ் பில்ட் முடிந்ததும் ஏஏபிடி2-வின் வெளியீட்டில் ஒவ்வொரு பெயரும் இருக்கிறதா என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் பார்க்கட்டும், இல்லை என்றால் பில்டை விழவைக்கட்டும். ஐஓஎஸ்ஸுக்கு அசெட்யூட்டிலைக் கொண்டு அதுபோலவே ஒன்று. ஆர்8, கிரேடில் ப்ளகின், ஃப்ரேம்வொர்க் ஆகியவற்றின் பதிப்பை ஏற்றும் நாளில் இந்த ஸ்கிரிப்டும், மெர்ஜர் அறிக்கையை முந்தைய வெளியீட்டின் அறிக்கையோடு ஒப்பிடும் ஒரு 'டிஃப்'பும் கட்டாயம் ஓட வேண்டும். ஷ்ரிங்கரின் அறிக்கையை பில்ட் ஃபோல்டருக்கு வெளியே, வெளியீட்டின் எண்ணோடு எடுத்துவையுங்கள்.